நூற்று இருபத்தைந்து காணிக்காரன்

பாகூர்
8 டிசம்பர் 2025, திங்கள்

அன்புள்ள குமாரிக்கு,

அம்மா முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று எட்டுப் பேர் முன்னால் எனக்கு மானம் போனது.

உன் பழைய லேப்டாப்பின் திரையில் தண்ணீர்த் துளி போட்ட படம் ஒன்று இருக்கிறதல்லவா, அதை அமுக்கினால்தானே தண்ணீர் முறைப் பட்டியல் திறக்கிறது. அதனால் அந்தப் படம்தான் புரோகிராம் என்று முடிவு கட்டி, அதை மட்டும் பென் டிரைவில் இழுத்துப் போட்டுக்கொண்டு மேல் வாய்க்கால் சிவப்பிரகாசம் வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை வேறு. அவர் லேப்டாப்பில் செருகினேன். துளி வரவில்லை. ஒரு வெற்றுத் தாள் படம் வந்தது. அமுக்கினால், இதை எதைக் கொண்டு திறப்பது என்று எந்திரம் என்னையே கேட்கிறது. பத்தாவதில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா அது.

சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. "மாட்ட ஓட்டிக்கினு வரச் சொன்னா கயித்த மட்டும் புடிச்சிக்கினு வந்துகிறியேபா" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும். மேல், நடு, கடை என்று நம் ஏரிக்கு மூன்று வாய்க்கால், மொத்தம் அறுபது காணி. காணிக்கு மூன்றரை மணி நேரம் தண்ணீர். யார் கழனிக்கு எந்த நாள் எத்தனை மணிக்கு மடை திறப்பது என்று நீ காலேஜில் செய்து கொடுத்த புரோகிராம்தான் ஆறு வருஷமாகப் பட்டியல் போடுகிறது. அது உன் பழைய லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். லேப்டாப் நம் வீட்டில். நானோ கடை வாய்க்கால்காரன்.

சிவப்பிரகாசம் கேட்கிறார், ஒரே வாய்க்கால்காரன் வீட்டுப் பெட்டியிலிருந்து வருகிற தாளை மற்ற இரண்டு வாய்க்காலும் எத்தனை வருஷம் நம்புவது என்று. யோசித்துப் பார்த்தால் நானும் அவர் இடத்தில் அதைத்தான் கேட்பேன். பொங்கலுக்குள் மூன்று வாய்க்காலும் தங்கள் தங்கள் பெட்டியில் திறந்து பார்க்க வேண்டும், மூன்றிலும் ஒரே பட்டியல் வர வேண்டும். இல்லையென்றால் பழைய வழக்கம். மேல் நிரம்பி, நடு நிரம்பி, அப்புறம் கடை. பழைய வழக்கத்தில் கடைசிக் கழனிக்கு வந்து சேர்ந்தது ஈரம் மட்டும்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கடைசிக் கழனி இப்போது காசம்மாளுடையது, நாற்பது குழி, அரைக் காணிகூட இல்லை. நாற்று விடலாமா வேண்டாமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள்.

மேல் வாய்க்காலில் இருப்பது எல்லோரிடமும் இருக்கும் விண்டோஸ். நடு வாய்க்கால் கணக்கைப் பார்க்கும் ஸ்டெல்லாவிடம் இருப்பது அவள் அண்ணன் பிரான்சிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஆப்பிள். உன்னுடையது அந்தப் பெங்குவின் படம் போட்டது. மூன்றும் மூன்று ஜாதி.

உள்ளே எதையும் மாற்றாதே, குமாரி. ஆறு வருஷமாக ஒரு சண்டை இல்லாமல் ஓடுகிறது. நாற்று அதே நாற்றாக இருக்கட்டும், எந்தக் கழனிக்கும் தூக்கிப் போகிற மாதிரி நாற்று முடி மட்டும் கட்டிக் கொடு.

போனில் பேசினால் என் குரல் ஏறுகிறது, நீ வைத்துவிடுகிறாய். எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தீபாவளிக்குப் பிறகு நீ சொன்னது நல்லதுதான். எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். படித்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

அப்பா


புனே
11 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கயிறு விஷயத்தைப் படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்டாள். மொழிபெயர்க்க முடியவில்லை.

முதலில் என் மனத்தாங்கலை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது ஓடாது. தீபாவளிக்கு வந்தபோது ஏரிச் சங்கக் கூட்டத்தில் அந்தப் புரோகிராமை முழுசாகப் புதிதாக எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நீங்கள் நடுவில் புகுந்து, "அதெல்லாம் வேணாம்பா, அது எம் பொண்ணு வெளையாட்டா பண்ணது" என்று சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு நாள் முன்னதாகவே பஸ் ஏறியது அதனால்தான். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லியிருப்பாள்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் வேலை என்று சொல்வீர்கள். யாரோ எழுதிய மென்பொருளை எந்த எந்திரத்திலும் போய் இறங்கி ஓடும்படி கட்டி அனுப்புகிற பிரிவில் மூன்று வருஷமாக இருக்கிறேன். நீங்கள் கேட்கிற முடி கட்டுவதுதான் எனக்குச் சம்பளம் வருகிற வேலை. அதை நீங்கள் இவ்வளவு சரியாகச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் சந்தோஷம்.

அந்தப் பழைய புரோகிராமின் நகல் என்னிடமும் இருக்கிறது, நேற்று திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வரி. இப்போது என்றால் நானூறில் முடிப்பேன். பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தேட, என் லேப்டாப்பில் என் பெயரில் கோப்புகளை வைக்கிற ஓர் அறையின் விலாசத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். வேறு எந்த எந்திரத்திலும் அந்த அறை கிடையாது. நீங்கள் துளியை மட்டும் கொண்டுபோகாமல் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தாலும் ஓடியிருக்காது. அதனால் மானம் போனதில் பாதி என்னுடையது.

புதிதாக எழுதிவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஏன் கூடாது என்று ஒரே ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள்.

குமாரி


பாகூர்
15 டிசம்பர் 2025, திங்கள்

அன்புள்ள குமாரிக்கு,

கூட்டத்தில் சொன்னதைப் பற்றி நான் இதுவரை மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்துவிட்டேன். இது நாலாவது தாள். இதிலும் அதற்கு வார்த்தை வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட காரணம் என்னிடம் இருக்கிறது. நீ கொரோனா வருஷத்தில் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்தபோது, நான் ஒவ்வொரு பங்குக்காரர் வீட்டுக்கும் நடந்து, அவர்கள் சொன்ன தகராறை எல்லாம் உன்னிடம் வந்து சொன்னேன். கோயில் கழனிக்குத் திருவிழா நாளில் மடை திறக்கக் கூடாது, விதவைகளுக்குப் பகல் முறைதான் வேண்டும், அண்ணன் தம்பி சண்டை இருக்கிற இடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆளின் முறை வர வேண்டும், இப்படி. அதெல்லாம் உன் இரண்டாயிரம் வரிக்குள் எங்கெங்கோ இருக்கிறது. நானூறாகச் சுருக்கினால் எந்த அண்ணன் எந்தத் தம்பி பக்கத்தில் போய் விழுவான் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை.

ஒழுங்காக இல்லைதான். என் அலமாரியும் ஒழுங்காக இல்லை. ஆனால் கேட்ட சாமானை எடுத்துத் தருகிறேனா இல்லையா.

உன் வேலை இன்னதென்று எனக்குத் தெரியாமல் இருந்தது உண்மைதான். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எங்க கேட்ட" என்கிறாள்.

அப்பா


புனே
20 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணன் தம்பி காரணம் நல்ல காரணம். ஒத்துக்கொள்கிறேன். பார்த்தேன், ஆயிரத்து முந்நூறாவது வரியில் இருக்கிறார்கள். பக்கத்தில் "அப்பா சொன்னது, தொடாதே" என்று நானே குறிப்பு எழுதியிருக்கிறேன்.

புரோகிராமில் நாலே வரிதான் மாற்றினேன். நாலும் அந்த விலாசம் சம்பந்தப்பட்டவை. இப்போது அது எந்த எந்திரத்தில் இறங்குகிறதோ அங்கேயே தனக்கு ஓர் அறை கேட்டு வாங்கிக்கொள்ளும். வெளியே புதிதாக ஒரே ஒரு கோப்பு சேர்த்தேன். எதை எதோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிற சீட்டு அது. தமிழ் எழுத்துரு, பெயர்ப் பட்டியல், புரோகிராம் ஓடத் தேவையான சாமான் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் சீட்டை மூன்று ஜாதி எந்திரங்களிடமும் கொடுத்தால் அதது தன் முறையில் கட்டித் தருகிறது. என்னிடம் மூன்று ஜாதியும் இல்லை. இணையத்தில் கொஞ்ச நேரத்துக்கு இரவலாகக் கிடைக்கும், அங்கே கட்டினேன். ஒரே நாற்று, மூன்று முடி.

அம்மாவின் போனுக்குப் பதிவிறக்க மூன்று சுட்டி அனுப்பியிருக்கிறேன். மேல் வாய்க்காலுக்கு முதல் சுட்டி, ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டாவது. மூன்றாவது நம் வீட்டுக்கு. ஆப்பிளில் முதல் முறை மட்டும் மவுசின் வலப்பக்கத்தை அமுக்கி, திற என்று கொடுக்க வேண்டும்.

ஏதாவது தப்பாக வந்தால், "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன அமுக்கினீர்கள், திரையில் என்ன வந்தது, இரண்டையும் எழுதுங்கள். என் ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

குமாரி


பாகூர்
27 டிசம்பர் 2025, சனி

அன்புள்ள குமாரிக்கு,

என்ன அமுக்கினேன், என்ன வந்தது என்று நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

சிவப்பிரகாசம் வீட்டில் துளிப் படத்தை அமுக்கினேன். நீல நிறத்தில் ஒரு பலகை வந்து, இதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை, திறந்தால் ஆபத்து என்று இங்கிலீஷில் போட்டது. அவர் மகன் படித்துச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. யாரென்று தெரியாதா, மூன்று தலைமுறையாக இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அந்தப் பையன்தான், இது எல்லாப் புது ஆளுக்கும் சொல்வதுதான் என்று சமாதானம் செய்து, கீழே இருந்த சின்ன எழுத்தை அமுக்கினான். துளி திறந்தது. போன வருஷப் பட்டியலைப் போட்டுப் பார்த்தோம். நம் வீட்டுத் தாளோடு ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. சிவப்பிரகாசம் இரண்டு தாளையும் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ரூபாய் நோட்டைப் பார்க்கிற மாதிரி.

ஸ்டெல்லா வீட்டில் வலப்பக்கம் அமுக்கினேன், திறந்தது. அந்த ஆப்பிள் டேபிள் மேல் கண்ணாடி அலமாரி மாதிரி நிற்கிறது. கீபோர்டில் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தானாம். ஸ்டெல்லா அதில் விரல் பறக்க அடிக்கிறாள்.

இந்த வருஷக் கணக்கை எங்கிருந்து தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. இந்த வருஷம் மாறியது என் கழனி ஒன்றுதான். தம்பி பங்கில் கால் காணியைச் சேர்த்துக்கொண்டதால் ஒரு காணி ஒன்றேகால் ஆகிவிட்டது. சேதம் வந்தால் எனக்கே வரட்டும் என்று சொல்லி, ஸ்டெல்லாவின் பெட்டியில் என் பெயருக்கு நேராக நானே அடித்தேன். சேமித்தேன். அவள் அதை மற்ற இரண்டு பெட்டிக்கும் அனுப்பிவிட்டாள்.

காசம்மாளிடம் நாற்று விடச் சொல்லிவிட்டேன். நாளைக்கு விடுகிறாள். 19ஆம் தேதி ஏரி மடை திறப்பு. அவள் முறை எப்படியும் 22 வாக்கில் வரும், இருபத்தைந்து நாள் நாற்று, கச்சிதம்.

அம்மா கேழ்வரகு அடை சுட்டாள். உன் பங்கையும் நான் சாப்பிட்டேன்.

அப்பா


பாகூர்
2 ஜனவரி 2026, வெள்ளி

குமாரி,

சுருக்கமாக எழுதுகிறேன். புது வருஷத்தன்று ஸ்டெல்லா பட்டியலை அச்சடித்துச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினாள். நான் பார்ப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. என் பெயருக்கு நேராகப் பதினெட்டு நாள் ஐந்தரை மணி நேரம் தண்ணீர் என்று இருக்கிறது. என் கழனிக்கு அடுத்தது காசம்மாள். அவளுக்குப் பிப்ரவரியில் முறை.

சிவப்பிரகாசம் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஏரிக்குக் கீழயே மொத்தம் அறுவது காணிதான். நீ நூத்து இருவத்தஞ்சு காணிக்குத் தண்ணி வச்சிகிற. வேற எங்கியாவது ஏரி வாங்கிக்கிறியாபா" என்றார். பின்னால் யாரோ, பொண்ணு செய்யற பெட்டி அப்பனுக்குத்தானே படியளக்கும் என்றார்கள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உடனே, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி முடித்துவிட்டேன். நம் ஊரில் நூறு குழி ஒரு காணி. என்னுடையது நூற்று இருபத்தைந்து குழி. குழியைக் காணிக் கட்டத்தில் அடித்துவிட்டேன் போலிருக்கிறது, கண்ணாடி போடாத கிழவன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்துக் கலைந்தார்கள். வரும் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதில் பழைய வழக்கமா பட்டியலா என்று முடிவெடுப்பார்கள்.

காசம்மாள் மட்டும் போகவில்லை. "நாத்து மொளச்சிருச்சி அண்ணே" என்று சொல்லிவிட்டு நின்றாள்.

அப்பா


புனே
3 ஜனவரி 2026

அப்பா,

குழியைத்தான் அடித்தீர்களா? ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள். ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய், அன்று எந்த விரலால் கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினீர்களோ அதையே மறுபடி அமுக்கிப் பார்த்து எழுதுங்கள்.

உங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எது நடந்தாலும் உங்களையே கிண்டல் செய்துகொள்வீர்கள், எல்லோரும் சிரிப்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உண்மையில் என்ன ஆனது என்று அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். கட்டையைப் பார்க்காமல் பழியை ஏற்றுக்கொண்டால், தப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அடுத்த வருஷம் வேறு யாராவது சிக்குவார்கள். அவர்களுக்கு உங்களைப் போலச் சிரிக்க வைக்கத் தெரியாது.

என்னை விளையாட்டு என்று சொன்னதும் இதே பழக்கத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது. உங்களுடையது எதுவாக இருந்தாலும் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். என்னையும் உங்களுடையது என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள்.

குமாரி


பாகூர்
5 ஜனவரி 2026, திங்கள்

அன்புள்ள குமாரிக்கு,

உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டு, போனையும் என் கண்ணாடியையும் கையில் கொடுத்தாள்.

ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அடித்தது இதுதான். கீபோர்டின் வலப்பக்கத்தில் எண்கள் மட்டும் தனியாக இருக்கும் இடத்தில் ஒன்று. அப்புறம் கீழே ஓரத்தில் புள்ளிக் கட்டை. அப்புறம் இரண்டு, ஐந்து. ஒன்றேகால். குழி அடிக்கவில்லை, குமாரி. நான் சரியாகத்தான் அடித்திருக்கிறேன். கண்ணாடியும் போட்டிருந்தேன், இப்போதுதான் நினைவு வருகிறது.

ஆனால் திரையில் பார்த்தால் புள்ளி இல்லை, காற்புள்ளி விழுந்திருக்கிறது. மறுபடி அமுக்கினேன். மறுபடி காற்புள்ளி. ஸ்டெல்லாவைக் கேட்டேன். "அண்ணே, பிரான்சுல அப்படித்தான். புள்ளி வைக்கற எடத்துல காற்புள்ளிதான் வைப்பாங்க. எனக்கு அது பழகிப்போச்சி, கண்ணுலயே படல" என்றாள். பாவம், தன் பெட்டியால் வந்தது என்று முகம் வாடிவிட்டது. கட்டையில் நம்மூர்ப் புள்ளியா பிரெஞ்சுப் புள்ளியா என்று எழுதியா இருக்கிறது என்று சொல்லித் தேற்றினேன்.

ஆக, எனக்குத் தெரிந்தவரை எழுதிவிட்டேன். காற்புள்ளிக்கும் பதினெட்டு நாளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா


புனே
7 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீங்கள் படிக்க வேண்டும். சொந்த வார்த்தையில் சொல்லாதீர்கள், இப்படியே படியுங்கள்.

ஏரிச் சங்கத்தில் எல்லோருக்கும் வணக்கம். நான் தங்கவேல் மகள் செல்வகுமாரி. சுவரில் ஒட்டிய பட்டியலில் இருந்த தப்பு என்னுடையது. என் அப்பாவுடையதும் இல்லை, ஸ்டெல்லா அக்காவுடையதும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் இதை எழுதும்போது, நம் ஆட்கள் லட்சத்தை எழுதுகிற மாதிரி எண்ணுக்கு நடுவில் காற்புள்ளி போடுவார்கள் என்று நினைத்து, எங்கே காற்புள்ளி வந்தாலும் அதை எடுத்துவிடும்படி எழுதினேன். நம் ஊரில் ஒரு பிரெஞ்சுக் கீபோர்டு இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். புதுச்சேரிக்காரி யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிப்பார்கள். என் புரோகிராம் 1,25இல் இருந்த காற்புள்ளியை எடுத்துவிட்டு ஒன்றேகாலை நூற்று இருபத்தைந்து ஆக்கியது. இன்னொரு தப்பும் உண்டு. ஏரிக்குக் கீழே அறுபது காணிதான் என்று தெரிந்தும், நூற்று இருபத்தைந்து என்று ஒருவர் பெயரில் வந்தபோது அது கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

இரண்டையும் திருத்திவிட்டேன். காற்புள்ளி வந்தால் இனி நின்று, புள்ளியா என்று கேட்கும். அறுபதைத் தாண்டினால் வாங்காது. மொத்தம் ஒன்பது வரி. மற்ற எந்த வரியையும் தொடவில்லை. கோயில் கழனி, பகல் முறை எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. மூன்று எந்திரத்துக்கும் புதிதாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். மூன்றிலும் எல்லோர் முன்னாலும் திறந்து, மூன்று பட்டியலையும் சிவப்பிரகாசம் மாமா தன் கையாலேயே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இதுவரைதான் படிக்க வேண்டியது.

அப்பா, சேதம் வந்தால் எனக்கே வரட்டும் என்று உங்கள் பெயரில் அடித்தீர்களே, அந்த ஒரு காரியத்தால்தான் இது மடை திறப்பதற்கு முன்னால் பிடிபட்டது. காசம்மாள் அத்தையின் நாற்பது குழி, அதாவது 0.40 காணி, அப்படி மாறியிருந்தால் நாற்பது காணி என்று வந்திருக்கும்.

குமாரி


பாகூர்
23 ஜனவரி 2026, வெள்ளி

அன்புள்ள குமாரிக்கு,

கூட்டத்தில் என்ன ஆனது என்று அம்மா சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். பொங்கல் வேலை, கரும்பு, ஏரி வேலை என்று எனக்குத் தாளில் உட்கார நேரம் கிடைக்கவில்லை. முழுசாக இப்போது எழுதுகிறேன்.

நீ எழுதியபடியே படித்தேன். தப்பு என்னுடையது என்ற இடத்தில் கிண்டலாக ஏதாவது சேர்த்துவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சேர்க்கவில்லை. படித்து முடித்துத் தாளை மடித்த பிறகு, நீ எழுதாத ஒன்றை நானாகச் சொன்னேன். தீபாவளி சமயத்தில் இதே இடத்தில் என் மகள் விளையாட்டாகச் செய்தது என்று நான் சொன்னது சரியில்லை, இதுதான் அவள் தொழில், புனேயில் பெரிய ஆட்களுக்குச் செய்கிற வேலையை நமக்கு லீவு நாளில் செய்து தருகிறாள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. ஸ்டெல்லா மட்டும் தலையாட்டினாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் மூன்று பெட்டியையும் ஒரே டேபிளில் வைத்தோம். ஆப்பிளை ஸ்டெல்லாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து டிராக்டரில் கொண்டுவந்தோம், மேலே அவள் கல்யாணப் போர்வை. சிவப்பிரகாசம் தன் கையாலேயே பிரெஞ்சுக் காற்புள்ளியை அமுக்கிப் பார்த்தார். நின்று கேள்வி கேட்டது. கூட்டத்தில் இருந்த ஒரு பையன் அதைத் தமிழில் படித்தான். சிவப்பிரகாசம் வேண்டுமென்றே தன் பெயரில் எண்பது காணி அடித்தார். வாங்க மாட்டேன் என்றது. மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தார். திரும்பி வந்து, "தப்ப ஒத்துக்கினு தாள்ல எழுதி அனுப்புற ஆள நான் இந்தச் சங்கத்துல பாத்ததில்ல. பட்டியலே இருக்கட்டும்" என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

19ஆம் தேதி மடை திறந்தது. இந்த வருஷம் சுற்று கடையிலிருந்து தொடங்கியது. நேற்று, வியாழக்கிழமை, எனக்கு நாலு மணி இருபத்திரண்டு நிமிஷம். அது மதியம் இரண்டு நாற்பதுக்கு முடிந்து காசம்மாளுக்குத் திரும்ப வேண்டும். நான் இரண்டரைக்கே மண்வெட்டியோடு மடையில் நின்றேன். அவள் கழனி உழுது காய்ந்து கிடந்தது. நாற்று முடிகளை வரப்பில் அடுக்கிவைத்து ஈரச்சாக்கு போட்டிருந்தாள். போனில் மணி பார்த்து இரண்டு நாற்பதுக்கு என் பக்கம் மண் போட்டு, அவள் பக்கம் வெட்டிவிட்டேன். தண்ணீர் முதலில் வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போனது. பத்து நிமிஷம் பொறுத்துத்தான் மேலே நின்றது. நுரையோடு, சருகோடு, ஒரு பழைய செருப்பையும் தள்ளிக்கொண்டு போனது. காசம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். கணுக்கால் நனைகிற வரைக்கும் நின்றாள்.

நாலு மணிக்கு முறை முடிந்தது. கரைக்கு வந்து உட்கார்ந்து கேட்டாள். "ஒரு மாசமா மூணு வூட்டுக்கும் அலஞ்சியே அண்ணே, உனுக்கு இன்னா கெடச்சுது இதுல?"

வழக்கமாக என்றால் முழங்கால் வலி கிடைத்தது என்றோ, பதினெட்டு நாள் தண்ணீர் கிடைக்க இருந்தது, தவறிப்போனது என்றோ சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். நேற்று வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியைக் கழுவினேன்.

நேற்று காலையில்தான் பார்த்தேன், குமாரி. நேரத்தைச் சரிபார்க்கத் துளியைத் திறந்தபோது விரல் தவறி மூலையில் ஒரு சின்ன வட்டத்தில் பட்டது. ஒரு கட்டம் திறந்தது. எழுதியவர் செல்வகுமாரி என்று இருந்தது. அதற்குக் கீழே, சோதித்தவர், சே. தங்கவேல், பாகூர். சந்தேகப்பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போய், மணி பார்க்க வந்தேன் என்று சொல்லி, அதிலும் அமுக்கிப் பார்த்தேன். சிவப்பிரகாசம் வீட்டிலும் பார்த்தேன்.

மூன்று பெட்டியிலும் என் பெயர் இருக்கிறது என்று நான் காசம்மாளிடம் சொல்லவில்லை.

அப்பா